45 ஆர்பிஎம் காரேஜ் ராக் சிங்கிள்: கோளாறு தட்டிலா, ஊசியிலா, பாட்டிலேயா?

காரேஜ் ராக் என்பது 1960களில் அமெரிக்க இளைஞர் குழுக்கள் வாசித்த முரட்டு ராக். அதன் சிங்கிள், பக்கத்துக்கு ஒரு பாட்டோடு நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் (45 ஆர்பிஎம்) சின்ன இசைத்தட்டு. அதில் கோளாறு தேடுவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாட்டே கரகரப்பானது. அமெரிக்காவின் டகோமா ஊரின் த சானிக்ஸ் குழு 1964-இல் எட்டிகெட் என்ற பதிப்பு லேபிளில் வெளியிட்ட முதல் சிங்கிளை எவ்வளவு நல்ல ஊசியில் போட்டாலும் டிரம் சிதறும், குரல் கிழியும். அவர்கள் பதிந்ததே அப்படித்தான். ஆனால் அதே கிழிசல் தேய்ந்த ஊசியாலும் வரும், தட்டில் ஊசி ஓடும் பள்ளம் தேய்ந்தாலும் வரும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காததால்தான் நல்ல தட்டை ஓரங்கட்டுவதும், கெட்ட ஊசியால் அரிய தட்டைச் சுரண்டுவதும் நடக்கின்றன.

இங்கே சொல்வதெல்லாம் 1960களின் அமெரிக்க மோனோ (இரு சானலிலும் ஒரே ஒலி) 7 அங்குலத் தட்டுகளுக்கு.

கையில் இருக்க வேண்டியவை: 0.01 கிராம் வரை காட்டும் ஊசி எடைத் தராசு, சின்ன ரசமட்டம், நகைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ், கார்பன் ஃபைபர் பிரஷ். இவற்றோடு ஒரு சோதனைத் தட்டு. சண்டேஸ்ட், நார்டன் போன்ற மறுபதிப்பு லேபிள்களின் புதிய சிங்கிள் ஒன்று போதும். எந்தக் கோளாறானாலும் முதலில் அதைப் போடுங்கள். அதிலும் கோளாறு கேட்டால் கருவியைப் பாருங்கள். அது சுத்தமாக ஓடினால் தட்டைப் பாருங்கள். கோளாறு தீரும்வரை 1960களின் மூலப்பிரதி உறையிலேயே இருக்கட்டும்.

## அறிகுறி 1: ஊசி தாவுகிறது, அல்லது ஒரே சுற்றில் மாட்டிக்கொள்கிறது

முதலில், உண்மையிலேயே தாவுகிறதா? த கிங்ஸ்மென் 1963-இல் போர்ட்லண்டில் பதிந்த ‘லூயி லூயி’யில் கிதார் தனி முடிந்ததும் பாடகர் முன்னதாகவே வாயைத் திறந்துவிட்டு, நிறுத்தி, மறுபடி தொடங்குகிறார். டிரம்மர் ஓர் உருட்டல் வாசித்து அதை மூடுகிறார். எல்லாப் பிரதியிலும் இது உண்டு. அந்த இடத்துக்காகத் தட்டைக் கழுவ வேண்டாம்.

### எல்லாத் தட்டிலும் தாவினால்

ஊசி நுனியில் பஞ்சு சேர்ந்திருக்கும். பிரஷால் பின்னிருந்து முன்னாக மட்டும் இழுத்து எடுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் ஊசி பிடித்திருக்கும் குழல் வளைந்துவிடும்.

தட்டைத் தாங்கிச் சுழலும் பிளாட்டர் மேல் ரசமட்டத்தை நெடுக்காகவும் குறுக்காகவும் வைத்துப் பாருங்கள். சாய்வு இருந்தால் டர்ன்டேபிளின் காலைத் திருகிச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது ஊசி தட்டை அழுத்தும் எடை. ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மில் இருக்கும் எண்ணை நம்பாமல் தராசில் நிறுங்கள். கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்தியிருக்கும், அதன் அதிர்வை மின்சாரமாக்கும் தலைப்பகுதி) எது என்பதைப் பொறுத்து எடை மாறும். ஆடியோ-டெக்னிகா விஎம்95 வரிசைக்கு 1.8 முதல் 2.2 கிராம், நடு அளவு 2.0. ஆர்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8. பழைய ஷூர் எம்44-7 இருந்தால் 1.5 முதல் 3 வரை தாங்கும். எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்ற நம்பிக்கை தவறு. எடை போதாத ஊசி பள்ளத்துக்குள் துள்ளித் துள்ளி விழும், சுவரை இடித்து உடைக்கும். சத்தமாக வெட்டப்பட்ட இந்தச் சிங்கிள்களுக்குக் குறிப்பிட்ட வரம்பின் மேல்பாதியே பொருத்தம்.

எடை சரியாக இருந்தும் ஊசி லேபிளை நோக்கி உள்ளே தாவினால் ஆன்டி-ஸ்கேட் (டோன்ஆர்ம் உள்ளே இழுபடுவதைத் தடுக்கும் அமைப்பு) குறைவு. வெளியே பின்வாங்கிப் பின்வாங்கி அதே சுற்றைப் பாடினால் ஆன்டி-ஸ்கேட் அதிகம், அல்லது டோன்ஆர்மின் பின்புற வயர் எங்கோ இழுக்கிறது.

கடைசிச் சோதனை: எடையைப் பூஜ்யமாக்கி டோன்ஆர்ம் மிதக்கும்படி சமன்செய்து, ஆன்டி-ஸ்கேட்டையும் பூஜ்யத்தில் வையுங்கள். டோன்ஆர்மை லேசாக ஊதுங்கள். தயங்காமல் நகர வேண்டும். ஓரிடத்தில் நின்று நின்று போனால் பேரிங் பழுது. அதில் எண்ணெய் விடாதீர்கள், திருகாதீர்கள். டர்ன்டேபிள் மெக்கானிக்கிடம் போக வேண்டிய இடம் அது.

### ஒரு தட்டில் மட்டும் தாவினால்

மேசை விளக்கைச் சாய்வாக அடித்து லென்ஸால் அந்த இடத்தைப் பாருங்கள். புடைத்துத் தெரிந்தால் ஒட்டிய அழுக்கு, பள்ளமாகத் தெரிந்தால் கீறல். அழுக்கானால் சோப்பு கலந்த டிஸ்டில்டு வாட்டர் ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள், பின் பள்ளம் போகும் திசையிலேயே துடையுங்கள். உண்மையிலேயே கீறல் விழுந்த ரெக்கார்டானால் ஆன்டி-ஸ்கேட்டைக் கொஞ்சம் மாற்றி ஊசியைக் கடத்திவிடலாம். கீறல் போகாது.

கார்ட்ரிட்ஜின் தலையில் நாணயம் வைக்கும் பழைய பழக்கம் மட்டும் வேண்டாம். ஒரு ரூபாய் நாணயம் கிட்டத்தட்ட 4 கிராம். 2 கிராம் ஊசி 6 கிராம் ஊசியாகிவிடும்.

## அறிகுறி 2: ஒலி கிழிகிறது, கரகரக்கிறது

அதிகம் குழப்புவதும், அதிகம் தட்டுகளைப் பலிகொள்வதும் இதுதான். பொறுமையாகப் பிரியுங்கள்.

### கிழிசல் பாட்டிலேயே இருக்கிறதா?

கிதார் மட்டும் தேனீக்கூட்டம் போல ரீங்கரித்து, குரலும் சிம்பலும் ஒழுங்காக இருந்தால் அது கிதார் ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல். மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் 1962-இல் சந்தைக்கு வந்தது, 1965-க்குப் பிறகு எல்லாக் காரேஜிலும் ஒலித்தது. எல்லா வாத்தியமும் சேர்ந்து கனத்து நசுங்கினாலும், அழுத்தம் சீராக இருந்தால் டேப்பிலேயே அப்படிப் பதிந்திருக்கிறது.

ஊசியாலோ தேய்மானத்தாலோ வரும் கிழிசல் வேறு மாதிரி. ‘ஸ’, ‘ஷ’ எழுத்துகள் எச்சில் தெறிப்பது போல வெடிக்கும். சத்தம் உச்சம் தொடும் கணத்தில் மட்டும் கண்ணாடி நொறுங்கும். பெரும்பாலும் ஒரு சானலில் அதிகமாகவும் மறு சானலில் குறைவாகவும் இருக்கும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. தட்டைக் கணினியில் ஸ்டீரியோவாகப் பதியுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் இரண்டு சானலையும் பிரித்து, ஒலி அளவைச் சமமாக்கி, ஒன்றைத் தலைகீழாக்கி, இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். மோனோத் தட்டில் பாட்டு இரு சானலிலும் ஒன்றே என்பதால் அது ஏறக்குறைய மறைந்துவிடும். மிஞ்சுவது தூசி, தேய்மானம், ஊசியின் தவறு மட்டுமே. குரல் உயரும் இடங்களில் அந்த மிச்சத்திலும் நொறுங்கல் கேட்டால் பழி பதிவின் மேல் இல்லை. மிச்சத்தில் வெறும் சலசலப்பு மட்டும் இருந்தால், நீங்கள் கேட்ட கிழிசல் அந்தப் பையன்கள் வாசித்தது. அதை எந்த ஊசியும் திருத்தாது, திருத்தவும் வேண்டாம்.

### சோதனைத் தட்டிலும் கிழிந்தால்

ஊசியின் வயதைக் கணக்கிடுங்கள். ஆடியோ-டெக்னிகா தன் கூம்பு ஊசிக்கு 500 மணி நேரம், நீள்வட்ட ஊசிக்கு 300 மணி நேரம் என்கிறது. இரண்டரை நிமிடச் சிங்கிளில் 500 மணி என்றால் 12,000 பக்கங்கள். பழைய டர்ன்டேபிளோடு வந்த ஊசிக்குக் கணக்கே கிடையாது, மாற்றிவிடுங்கள். ஷூர் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டாலும் எம்44-7க்குப் பொருந்தும் ஊசியை ஜப்பானின் ஜிகோ செய்கிறது.

ஊசி புதிதாக இருந்தும் வலது சானலில் மட்டும் கிழிந்தால் ஆன்டி-ஸ்கேட்டைச் சிறிது கூட்டுங்கள். பாட்டின் கடைசி அரை நிமிடத்தில் மட்டும் கிழிந்தால் கார்ட்ரிட்ஜ் கோணம் தவறு. அளவுத்தாளை வைத்து இரண்டு திருகையும் தளர்த்திச் சரிசெய்யுங்கள். முன்னிருந்து பார்த்தால் கார்ட்ரிட்ஜ் தட்டுக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்றும் பாருங்கள்.

### ஒரு தட்டில் மட்டும் கிழிந்தால்

தட்டின் பிளாஸ்டிக் வினைலா, ஸ்டைரீனா என்று முதலில் பாருங்கள். வினைலில் லேபிள் தாள் தட்டோடு சேர்ந்து அழுந்தியிருக்கும். ஸ்டைரீனில் மேலே ஒட்டியிருக்கும். நகத்தால் தடவினால் விளிம்பு தெரியும். நகத்தால் சுண்டினால் ஸ்டைரீன் விறைப்பாக ‘டக்’ என்னும், வினைல் மந்தமாகப் பதில் சொல்லும். வளைத்துப் பார்க்காதீர்கள், ஸ்டைரீன் உடைந்துவிடும். லாஸ் ஏஞ்சல்ஸின் மோனார்க் ஆலைத் தட்டுகளில் பாட்டு முடிந்தபின் வரும் வெற்றுப் பகுதியில் சிறு முக்கோணமும் எண்ணும் கீறியிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஸ்டைரீன். நியூ ஜெர்சியின் பிட்மனில் இருந்த கொலம்பியா ஆலைத் தட்டுகளும் அப்படியே. கொலம்பியாவில் வந்த பால் ரிவியர் அண்ட் த ரைடர்ஸ் குழுவின் சிங்கிள்கள் சேர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஸ்டைரீன் புதிதில் வினைலை விட அமைதியாகக்கூட ஓடும். ஆனால் வேகமாகத் தேயும், தேய்ந்த பள்ளம் சாம்பல் பூத்துத் தெரியும். தொடக்கச் சில நொடிகளில் மட்டும் ‘ஷ்ஷ்’ என்றிருந்தால் வானொலி நிலையத்தார் பாட்டு தொடங்கும் இடத்தைப் பிடிக்கத் தட்டை முன்னும் பின்னும் ஆட்டிய காயம் அது. எதுவும் செய்வதற்கில்லை, வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். ஸ்டைரீனுக்குக் கூம்பு ஊசிதான். நீள்வட்டமும் அதைவிடக் கூர்மையானவையும் வேண்டாம். கையால் பின்னோக்கிச் சுற்றவே கூடாது.

தேய்ந்த தட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் மீட்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழிக்குச் செலவில்லை. இடது மட்டும், வலது மட்டும் என்று தனித்தனியே கேளுங்கள். பள்ளத்தின் இரண்டு சுவர்களும் ஒரே அளவு தேய்வதில்லை, மோனோவில் இரண்டிலும் அதே பாட்டுதான் இருக்கிறது. நல்ல சுவரை மட்டும் எடுத்து இரண்டு ஸ்பீக்கருக்கும் அனுப்புங்கள். கிழிசல் பாதியாகும் தட்டுகள் உண்டு. இரண்டாவது வழி ஊசி அளவை மாற்றுவது. 0.7 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூம்பு ஓர் உயரத்தில் உட்காரும், மோனோவுக்கான 1 மில் கூம்பு அதற்கு மேலே உட்காரும். பழைய ஊசி தேய்த்த பட்டையை விட்டு விலகி உட்கார்ந்தால் ஒலி தெளியும். எது பொருந்தும் என்பது தட்டுக்குத் தட்டு மாறும். டெனான் டிஎல்-102, ஆர்டோஃபோன் 2எம் மோனோ போன்ற மோனோ கார்ட்ரிட்ஜ் செலவு பிடிக்கும். நூறு சிங்கிளுக்கு மேல் வைத்திருப்பவருக்கு அது வீண் செலவு அல்ல.

சூட்கேஸ் பிளேயர்களில் மூலப்பிரதியை ஏற்ற வேண்டாம். அவற்றின் செராமிக் கார்ட்ரிட்ஜ் அழுத்தும் எடை, சரியான ஊசியின் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு.

## அறிகுறி 3: படபட, சலசல

மோனோ பொத்தான் இருந்தால் முதலில் அதை அழுத்துங்கள். மேலும் கீழுமாக ஊசி ஆடுவதால் வரும் சத்தம் அங்கேயே அடிபட்டுப்போகும். பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடலாம்.

அடுத்தது கழுவுதல். வினைலுக்கு டிஸ்டில்டு வாட்டர் 800 மி.லி., ஐசோபுரோபைல் ஆல்கஹால் 200 மி.லி., பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. ஸ்டைரீனுக்கு ஆல்கஹாலைத் தவிர்த்து, தண்ணீரும் சொட்டுத் திரவமும் போதும். மென்மையான பிரஷால் பள்ளத்தின் போக்கிலேயே இருபுறமும் பத்துச் சுற்று. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். குழாய்த் தண்ணீரும் கேன் தண்ணீரும் உப்பை விட்டுப்போகும். லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிய லேபிள் நனைந்தால் கழன்றுவரும்.

வெண்புள்ளிகளாக இருந்தால் பூஞ்சை. நம் கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் இது சகஜம். பழைய காகித உறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய உறையில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் திரும்ப வரும். தண்ணீரில் முழுகிய தட்டையும் கைவிட வேண்டியதில்லை. 2012-இல் சாண்டி புயல் நியூயார்க்கின் ரெட் ஹுக்கில் இருந்த நார்டன் கிடங்கை மூழ்கடித்தபோது, தன்னார்வலர்கள் கூடித் தட்டுகளைக் கழுவிக் காப்பாற்றினார்கள்.

இரண்டு முறை கழுவியும் அதே இடத்தில் அதே சத்தம் வந்தால் அது பிறவிக்குறை. சில நூறு பிரதிகள் மட்டும் அடித்த சின்ன லேபிள்களுக்கு மலிவான, மறுசுழற்சி வினைல் போனது உண்டு. பழைய லேபிள் தாளின் துணுக்குகூட அதில் கலந்திருக்கும். வெற்றிடம் கொண்டு உறிஞ்சும் கழுவுகருவியோ அல்ட்ராசானிக்கோ வைத்திருப்பவரிடம் ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் பணம் போடாதீர்கள்.

## அறிகுறி 4: சுருதி அலைகிறது, வேகம் தப்புகிறது

இந்தப் பாட்டுகளில் ஃபார்ஃபிசா, வாக்ஸ் கான்டினென்டல் ஆர்கன்கள் நீளமாகப் பிடிக்கும் ஸ்வரம்தான் நல்ல அளவுகோல். கிதாரில் தெரியாத அலைச்சல் அதில் தெரிந்துவிடும்.

### சுற்றுக்கு ஒருமுறை சீராக அலைந்தால்

1.3 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் தட்டு மையத்தில் உட்காரவில்லை. சிங்கிளின் நடுவிலுள்ள 38 மி.மீ. ஓட்டையை நிரப்பும் அடாப்டர் தளர்வாக இருக்கும். வேறு அடாப்டர் போட்டுப் பாருங்கள். அடாப்டர் இறுக்கமாக இருந்தும் டோன்ஆர்ம் பக்கவாட்டில் ஊசலாடினால் ஓட்டையே தப்பாக வெட்டப்பட்டிருக்கிறது. அரை மி.மீ. விலகினாலே சுருதி கிட்டத்தட்ட 0.8% மேலும் கீழும் போகும். சற்றுச் சிறிய அடாப்டரை வைத்து, தட்டை மயிரிழை மயிரிழையாகத் தள்ளி, டோன்ஆர்ம் ஆடாமல் நிற்கும் இடத்தைப் பிடியுங்கள்.

### எப்போதும் மெதுவாக ஓடினால்

பிளாட்டர் விளிம்பில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, 60 நொடியில் 45 சுற்று வருகிறதா என்று எண்ணுங்கள்.

37 அல்லது 38 சுற்று வந்தால் டர்ன்டேபிள் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. சிங்க்ரனஸ் மோட்டார் அந்த விகிதத்திலேயே சுற்றும். 45 என்பது 37.5 ஆகிவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி வாங்க வேண்டும், இல்லையேல் அதிர்வெண் மாற்றித் தரும் தனி மின்வழங்கி வேண்டும்.

43, 44 என்று வந்தால் பெல்ட் தளர்ந்திருக்கும். புல்லியையும் உள் பிளாட்டர் விளிம்பையும் ஐசோபுரோபைல் தொட்டுத் துடைத்து, புதிய பெல்ட் போடுங்கள். டிசி மோட்டார் உள்ள பல மாடல்களில் அடிப்பக்கத்திலோ மோட்டாரிலோ சின்ன ஓட்டைக்குள் வேகத் திருகு இருக்கும். நுண்ணிய ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். மோட்டாரின் சுழற்சியைப் பிளாட்டருக்குக் கடத்தும் ஐட்லர் சக்கரம் உள்ளதானால் ரப்பர் இறுகி வழுக்கும், சக்கரத்தைப் புதுப்பிக்க வேண்டும். டைரக்ட் டிரைவில் வேகம் தானாக ஏறி இறங்கினால் பிட்ச் ஸ்லைடர் அழுக்கா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மின்னணுப் பலகை. மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

### ஊசி இறங்கியதும் இழுத்தால்

தட்டு வழுக்குகிறது. 7 அங்குலச் சிங்கிளில் லேபிள் பகுதி மேடாக இருப்பதால் பாயில் அது மட்டுமே தொடும். துணிப் பாயை எடுத்துவிட்டு ரப்பர் பாய் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நெளிவு எடுக்க வெயிலில் வைப்பது, இஸ்திரிப்பெட்டி வைப்பது இரண்டும் தட்டைக் கொல்லும் வழிகள். கனமான கண்ணாடிகளுக்கு நடுவே சில வாரம் படுக்கவைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாத அரிய தட்டை, தட்டு நிமிர்த்தும் கருவி வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 5: ஒலி மெல்லிசு, கிணற்றுக்குள், அல்லது ஒரு பக்கம் மட்டும்

மெல்லிசாக, பேஸ் இல்லாமல் கேட்டால் கார்ட்ரிட்ஜின் மெல்லிய ஒலியை உயர்த்திச் சீராக்கும் ஃபோனோ பிரீஆம்ப் இடையில் இல்லை. ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ வாயிலில் செருகுங்கள். தலைவலி வரும்படி பேஸ் குமுறினால் டர்ன்டேபிளிலும் ஆம்ப்ளிஃபயரிலும் இரண்டு பிரீஆம்ப் சேர்ந்து ஓடுகின்றன. டர்ன்டேபிளின் பின்புறச் சுவிட்சை லைனிலிருந்து ஃபோனோவுக்கு மாற்றுங்கள்.

மோனோ பொத்தானை அழுத்தியதும் குரல் காணாமல் போனால் கார்ட்ரிட்ஜ் வயரில் ஒரு சானல் தலைகீழாக மாட்டியிருக்கிறது. சிவப்பு வலது நேர், பச்சை வலது எதிர், வெள்ளை இடது நேர், நீலம் இடது எதிர். மூக்குக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சரியாகச் செருகுங்கள். கார்ட்ரிட்ஜின் பின்முள்ளில் வயர் இருக்கும்போது சால்டரிங் சூடு வைக்காதீர்கள்.

ஒரு பக்கம் மட்டும் கேட்டால் ஆம்ப்ளிஃபயரில் இடது, வலது பிளக்கை மாற்றிச் செருகுங்கள். ஊமைப் பக்கமும் இடம் மாறினால் கோளாறு டர்ன்டேபிளில். கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும் ஹெட்ஷெல்லைக் கழற்றி நான்கு முனையையும் அழிரப்பரால் தேயுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். இடம் மாறாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் அல்லது ஸ்பீக்கர். டோன்ஆர்முக்குள் வயர் அறுந்திருந்தால் கை வைக்காதீர்கள். முடி போன்ற வயர் அது.

## அறிகுறி 6: ‘ம்ம்ம்’ என்ற ஹம்

எர்த் வயர் ஆம்ப்ளிஃபயரின் திருகில் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபோனோ கேபிளை மின் அடாப்டர்களிலிருந்து தள்ளி வையுங்கள். டோன்ஆர்ம் நடுவே போகப் போக ஹம் கூடினால் மோட்டாரின் காந்தப்புலம் கார்ட்ரிட்ஜில் ஏறுகிறது, வேறு கார்ட்ரிட்ஜ்தான் தீர்வு. உலோகத்தைத் தொடும்போது சுரீர் என்றால் உடனே பிளக்கை உருவிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 7: சுற்றுக்கு ஒரு ‘டக்’

தட்டில் மயிரிழை விரிசல். விளிம்பிலிருந்து தொடங்கியிருக்கும், விளக்குக்கு எதிரே பிடித்தால் தெரியும். ஒட்டுப்பசையைப் பள்ளத்தில் விடாதீர்கள், ஊசி போய்விடும். பாடும் பகுதிக்கு வெளியே, விளிம்பின் வெற்றுப் பகுதியில் மட்டும் சிறு துளி விட்டு விரிசல் நீளாமல் நிறுத்தலாம். வினைலில் இது பல வருடம் தாங்கும், ஸ்டைரீனில் தாங்காது. ஸ்டைரீனானால் நல்ல ஊசி, மோனோ, சரியான வேகம் எல்லாம் வைத்து இன்றைக்கே ஒருமுறை கணினியில் பதிந்துவிட்டு, தட்டைக் கனமான அட்டை உறையில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். மறுபடி ஊசியின் கீழ் வைக்காதீர்கள்.